காலித் தோட்டாவின் கணக்கு

"ஆறு மாசம் பெண் வீட்டில் இருந்துட்டு வந்தீங்களே சார், அமெரிக்காவைப் பத்தி நம்ம இதழுக்கு ஏதாவது எழுதக்கூடாதா?" என்று காலை நடையில் கேட்டார்கள். நயாகராவைப் பற்றி பி பிளாக் நண்பர் போன வருடமே படங்களோடு எழுதிவிட்டார். எனவே பென்சில்வேனியாவில் என் பெண் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கார் ஷெட்டில் நான் தெரிந்துகொண்ட ஒரு சரித்திரத்தை எழுதுகிறேன். பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு வீட்டிலேயே ஈயக் குண்டு வார்த்து, சுட்டு முடித்த காலித் தோட்டாக்களை மறுபடி நிரப்பி வைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு பற்றியது. துப்பாக்கி என்றதும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். இதில் சுடுகிற வேலை கொஞ்சம். உருக்குவதும் அளப்பதும் எண்ணுவதும்தான் நிறைய.

எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பி.காம். படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்தேன். முகாமில் எங்கள் கையில் கொடுத்தது 'த்ரீ நாட் த்ரீ' என்று எல்லோரும் சொல்லும் லீ-என்ஃபீல்டு. சுமார் நாலு கிலோ எடை. தோளில் சரியாக அணைத்துப் பிடிக்காவிட்டால் மறுநாள் கை தூக்கிச் சட்டை போட முடியாது. ஆளுக்கு ஐந்து தோட்டா தருவார்கள். சுட்டு முடித்ததும் ஹவில்தார் "கோக்கா! கோக்கா!" என்று கத்துவார். கோக்கா என்றால் காலியான பித்தளைக் கூடு. ஐந்து வாங்கியவன் ஐந்தைத் திருப்பித் தர வேண்டும். ஒருநாள் ஒன்று குறைந்துவிட்டது. முப்பது பையன்கள் வெயிலில் மண்டியிட்டுப் புல்லைத் துழாவினோம். அன்று மதியச் சாப்பாடு மாலை நாலு மணிக்கு. பிற்பாடு வங்கியில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக இரவு எட்டு மணி வரை லெட்ஜரைப் புரட்டிய நாட்களில் அந்த ஹவில்தாரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அப்புறமும் அந்தத் துப்பாக்கி என்னை விடவில்லை. கரன்சி செஸ்டிலிருந்து பணப்பெட்டி எடுத்துவர வேனில் போகும்போதெல்லாம் பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் முழங்கால்களுக்கு இடையில் அதே த்ரீ நாட் த்ரீயை நிறுத்திப் பிடித்துக்கொண்டு தூங்கி வழிவார். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தது என்று பத்திரிகையில் படித்தேன். 1895-இல் வந்த லீ-என்ஃபீல்டு குடும்பத்துக்கு இந்த ஆயுசு!

இனி கார் ஷெட்டுக்கு வருகிறேன். அடுத்த வீட்டுக்காரர் எழுபத்தைந்து வயதுப் பெரியவர். மனைவி காலமாகிவிட்டார். நான் மாலையில் நடக்கப் போகும்போது கையசைப்பார். ஒருநாள் ஷெட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் இரண்டு துப்பாக்கிகள். பார்த்த மாத்திரத்தில் "லீ-என்ஃபீல்டு!" என்று சொல்லிவிட்டேன். மனிதருக்கு ஆச்சரியம். உள்ளே கூப்பிட்டு ஒன்றை இறக்கி, "இது உங்கள் ஊர்ச் சரக்கு" என்று காட்டினார். ஆர்.எஃப்.ஐ. என்றும் 1967 என்றும் பொறித்திருந்தது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிறதே இஷாப்பூர், அங்குள்ள துப்பாக்கித் தொழிற்சாலையின் முத்திரை அது. 1962 சீனப் போருக்குப் பிறகு, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி பழைய லீ-என்ஃபீல்டையே உறுதியான எஃகில் இஷாப்பூரில் மாற்றிச் செய்தார்கள். நம் அரசு அவற்றைக் கழித்துக் கட்டியபோது, ஏராளமாக அமெரிக்கச் சந்தைக்குப் போயின. இவர் 1990-களில் நூறு டாலருக்கும் குறைவாக வாங்கினாராம். வங்காளத்தில் செய்த பொருளை பென்சில்வேனியாவில் கையில் வாங்கிப் பார்த்தபோது, வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இன்னொன்று அவருடைய அப்பாவுடையது. .303. பக்கவாட்டில் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று அடித்திருந்தது. பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியில் அமெரிக்கச் சொத்து என்று எப்படி வரும்? 1941-இல் அமெரிக்கா போட்ட லெண்டு-லீஸ் சட்டப்படி பிரிட்டனுக்குக் கொடுத்தவை எல்லாம் கணக்கில் அமெரிக்க அரசின் சொத்து. லாரிக்குக் கடன் கொடுத்த வங்கி, லாரி மேல் தன் பெயரை எழுதச் சொல்லுமே, அதே கதைதான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சிக்கோப்பி ஃபால்ஸ் என்ற ஊரில் சேவேஜ் கம்பெனி இந்த மாதிரி பத்து லட்சத்துக்கு மேல் செய்து கப்பலேற்றியது. போர் முடிந்தது. பிரிட்டனுக்கு அவ்வளவு துப்பாக்கி எதற்கு?

இந்த இடத்தில்தான் வியாபாரம் நுழைகிறது. சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953-இல் இன்டர்ஆர்ம்கோ என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். உலக ராணுவங்கள் கழிக்கும் துப்பாக்கிகளை மொத்தமாக வாங்கி, வர்ஜீனியாவில் பொட்டோமாக் நதிக்கரைக் கிடங்குகளில் அடுக்கினார். அங்கிருந்தும் இதே தொழில் செய்த மற்றவர்களிடமிருந்தும் அமெரிக்கா முழுக்கத் தபாலில் போயின. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டு வாசலுக்கு வரும். பெரியவரின் அப்பாவும் 1950-களின் நடுவில் அப்படி வாங்கியவர்தான். கார் தொழிற்சாலைத் தொழிலாளி. புதிய வேட்டைத் துப்பாக்கி வாங்க அவருக்குக் கட்டாது.

மலிவுச் சரக்கு வந்து குவிந்தால் உள்ளூர் உற்பத்தியாளர் சும்மா இருப்பாரா? மாசசூசெட்ஸ் துப்பாக்கிக் கம்பெனிகள் நிறைந்த மாநிலம். அந்த மாநில செனட்டர் ஒருவர் 1958-இல், ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஆயுதங்களை இறக்குமதி செய்யவே கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது முழுசாக நிறைவேறவில்லை. அமெரிக்கா உதவியாகக் கொடுத்த ஆயுதங்கள் திரும்பி வரக்கூடாது என்ற அளவில் மட்டும் சட்டமாயிற்று. இத்தாலி, ஜெர்மனி சரக்குக்குத் தடை இல்லை. 1963 மார்ச்சில் ஒருவன் பொய்ப் பெயரில் சிகாகோ கடை ஒன்றுக்கு 21.45 டாலர் மணியார்டர் அனுப்பினான். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய கார்கானோ துப்பாக்கிக்கு 19.95, தபால் செலவு 1.50. அவன் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்டு. அந்த வருடம் நவம்பர் 22-ஆம் தேதி டல்லாஸ் நகரில் அந்தத் துப்பாக்கிக்குப் பலியானவர் ஜான் கென்னடி. 1958-இல் மசோதா கொண்டுவந்த செனட்டரும் அவரேதான்.

இதைப் பெரியவர் சொன்னபோது எனக்கு அந்த 21.45-தான் மனசில் நின்றது. முப்பது வருடம் வவுச்சர் பார்த்தவன் புத்தி. 1968-இல் புதிய சட்டம் வந்தது. தபால் வியாபாரமும் ராணுவக் கழிவுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றன. 1984-க்குப் பிறகு, சேகரிப்பாளர்களுக்கான பழம்பொருள் என்ற வகையில் மறுபடி வழி விட்டார்கள். அந்த இரண்டாவது வெள்ளத்தில்தான் நம் இஷாப்பூரும், ரஷ்யாவின் மோசின்-நகான்டும் வந்து சேர்ந்தன. சோவியத் யூனியன் உடைந்த பிறகு மோசின் நூறு டாலருக்குக் கீழே கூடை வைத்து விற்காத குறைதான்.

துப்பாக்கி மலிவு, சரி. அதற்கான தோட்டா? துப்பாக்கி நூறு வருடம் கிடக்கும். ராணுவத் தோட்டா பெட்டியில் இருக்கிற வரைதான். எந்த அரசும் செய்வதை நிறுத்திவிட்ட தோட்டாவுக்கு, கிடங்குச் சரக்கு தீர்ந்ததும் என்ன செய்வது? கடையில் புதிதாகக் கிடைப்பது விலை அதிகம். பத்து ஞாயிற்றுக்கிழமை சுட்டால் துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். ஆகவே காலிக் கூட்டைப் பத்திரப்படுத்து. மறுபடி நிரப்பு.

தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீ மூட்டும் சிறு மூடி, உள்ளே மருந்து, முன்னால் குண்டு. சுட்டதும் மூன்று பாகம் செலவாகிவிடும், கூடு மட்டும் மிஞ்சும். அதுதான் நாலிலும் விலை கூடியது. கவனமாக வைத்துக்கொண்டால் பல தடவை உழைக்கும். எங்கள் ஹவில்தார் கத்தியதில் நியாயம் இருந்தது என்பது எனக்கு நாற்பது வருடம் கழித்துப் புரிந்தது.

ஆனால் எல்லாக் கூடும் லேசில் மறுபடி பயன்படாது. அடி மூடியில் இரண்டு வகை. 1860-களில் ஒன்றை ஏற்பாடு செய்தவர் ஹைரம் பெர்டான் என்ற அமெரிக்கர். மற்றொன்று எட்வர்டு பாக்ஸர் என்ற ஆங்கிலேயருடையது. பாக்ஸர் வகையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. மேலிருந்து ஊசி விட்டுத் தட்டினால் பழைய மூடி விழுந்துவிடும். பெர்டான் வகையில் துளைகள் ஓரத்தில் சிறிதாக இருக்கும், ஊசி நுழையாது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவுக்குப் போயிற்று, ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவில் நிலைத்தது. பிரிட்டிஷ் ராணுவ .303 தோட்டாக்கள்கூடப் பெரும்பாலும் பெர்டான் வகைதான். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தோட்டா நிரப்புவது பெருகியதற்கு பாக்ஸர் துரையின் ஒற்றைத் துளை ஒரு முக்கியக் காரணம் என்கிறார் பெரியவர். பழைய ராணுவத் தோட்டாவின் மூடியில் இன்னொரு தொல்லையும் உண்டு. எரிந்த பிறகு உப்பு மாதிரி ஒன்று குழாயில் படியும். அது ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். முகாமில் சுட்ட அன்றே குழாயில் வெந்நீர் ஊற்றி, 'புல் த்ரூ' கயிற்றில் துணி கட்டி இழுக்கச் சொன்னதன் காரணம் அப்போது தெரியாது.

மருந்துக்கும் ஒரு கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க அரசிடம் துப்பாக்கி மருந்து டன் டன்னாகத் தேங்கியது. கான்சாஸ் மாநிலத்தில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி மேல் கடன் வாங்கி அந்த மருந்தை வாங்கினார். சிறு அளவில் தபாலில் விற்க ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி இன்றும் இருக்கிறது. பாலிசிக் கடன் கேட்டு வந்தவர்களை எத்தனையோ முறை "வேண்டாம் சார்" என்று திருப்பி அனுப்பியவன் நான்.

குண்டுக்கு வருவோம், இதுதான் முக்கியம். முதலில் எல்லாக் குண்டும் வெறும் ஈயம்தான். சிப்பாய் தானே அச்சில் வார்த்துக்கொண்ட காலமும் உண்டு. மிருதுவான ஈயம் குழாய்க்குள் தேய்ந்து ஒட்டாமல் இருக்க அதற்குக் கொழுப்போ மெழுகோ தடவ வேண்டும். அந்தக் கொழுப்பு என்ன செய்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1853 மாதிரி என்ஃபீல்டுக்கு ஈயக் குண்டும் மருந்தும் வைத்த காகிதத் தோட்டா, மேலே கொழுப்பு, அதைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். பசுவா பன்றியா என்ற பேச்சு 1857 ஜனவரியில் கிளம்பிய இடம் கொல்கத்தா பக்கத்து டம்டம். அங்கேதான் புதிய துப்பாக்கிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

பிறகு 1880-களில் இரண்டு மாற்றம் வந்தது. சுவிட்சர்லாந்தில் எட்வர்டு ரூபின் ஈயத்துக்குச் செம்புச் சட்டை போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தார்கள். குண்டின் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. அந்த வேகத்தில் வெறும் ஈயம் தாங்காது. சட்டை போட்டால்தான் குழாயின் மரையைப் பிடித்துச் சுழலும். 1910-இல் வந்த .303 ஏழாம் மார்க் குண்டு 174 கிரெயின், அதாவது சுமார் 11.3 கிராம். வேகம் விநாடிக்கு 2,440 அடி. நடுவில் டம்டம் பெயர் இன்னொரு முறை அடிபட்டது. அங்கிருந்த தொழிற்சாலையில் 1890-களில் சட்டையின் நுனியை மட்டும் திறந்துவிட்டு, உடலுக்குள் விரிந்து பெரிய காயம் செய்யும் குண்டு தயாரித்தார்கள். 1899-இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் அப்படிப்பட்ட குண்டை விலக்கியது. ஒரே ஊரின் பெயர் தோட்டா விவகாரத்தில் இரண்டு தடவை உலகப் பிரசித்தம். இன்று அங்கே விமான நிலையம்.

சட்டை போட்ட குண்டு வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பின்னே பெரியவர் எதற்காகத் திரும்ப வெறும் ஈயத்துக்குப் போகிறார்? மலிவு ஒரு காரணம். ஒரு கிலோவில் 88 குண்டு வரும் என்று நான் உடனே கணக்குப் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மிச்சம் பிடிக்கத்தான் ஆரம்பித்தேன், மிச்சமான காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுகிறேன்" என்றார். அசல் காரணத்தைக் காட்ட, அப்பாவின் துப்பாக்கிக் குழாயை விளக்கில் பிடித்தார். வழக்கமாக அந்த ரகத்தில் ஐந்து வரிப் பள்ளம் இருக்கும். இதில் இரண்டே இரண்டு. போர்க்கால அவசரம், ஐந்து வெட்ட நேரமில்லை, இரண்டு போதும் என்று விட்டார்கள். பள்ளத்தின் அளவும் ஒன்றுபோல இல்லை. .303 என்ற பெயர் குழாயின் மேட்டுக்கு மேடு அளவு. பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.311 அங்குலம் முதல் 0.315, சிலதில் அதற்கும் மேலே போகும். கடையில் விற்கும் சட்டைக் குண்டு 0.311 அல்லது 0.312. தொளதொளத்த குழாயில் அது ஆடிக்கொண்டே போய் இலக்கை விட்டு விலகும்.

இதற்கு அவர்கள் செய்யும் வைத்தியம் எளிது. மிருதுவான ஈயத் துண்டு ஒன்றைக் காலிக் குழாய்க்குள் மெதுவாகத் தட்டி மறுபக்கம் வெளியே எடுக்கிறார்கள். குழாயின் உள்வடிவம் அதில் பதிந்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்தால் ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரை துல்லியம். அப்பா துப்பாக்கி 0.314 காட்டியது. அதற்கு ஒரு பிடி கூட வரும்படி அச்சு வாங்கி வார்த்துக்கொள்கிறார். ரெடிமேட் சட்டை தோளில் சேராதவர் தையல்காரரிடம் போவது மாதிரி. வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். ராணுவத்தின் 2,440 அடி எங்கே, இவர் விடும் 1,700, 1,800 எங்கே! நூறு கெஜத்தில் காகித இலக்கைத் துளைக்க அது தாராளம். குண்டின் வாலில் செம்பு மூடி ஒன்று போடுகிறார். மருந்தின் சூடு ஈயத்தைத் தின்னாமல் இருக்க. மேலே தேன்மெழுகு கலந்த பூச்சு. 1857-இன் அதே பிரச்சினை, கிட்டத்தட்ட அதே மருந்து! அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பத்திரிகையில் கர்னல் ஹாரிசன் என்பவர் பல வருடம் சோதித்துப் பார்த்து எழுதியதைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்களாம்: பாதி தேன்மெழுகு, பாதி அலாக்ஸ் என்ற தொழிற்சாலைப் பூச்சு.

அச்சுகள் விற்பதும் பழைய தொழில். ஜான் பார்லோ என்பவர் 1884-இல் நியூ ஹேவனில் ஐடியல் என்ற கம்பெனி வைத்து, வேட்டைக்காரர்களுக்குக் குண்டு அச்சும் கைக்கருவியும் விற்றார். 1925-இல் லைமன் கம்பெனி அதை வாங்கியது. பெரியவரிடம் இருக்கும் ஓர் அச்சில் இன்னும் ஐடியல் பெயர் இருக்கிறது.

ஈயம் உருக்குவதைப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். என் மனைவி "தூரத்திலேயே நில்லுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்பினாள். சரிதான். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், தாளிக்கிற எண்ணெயில் விழுவதைவிடப் பல மடங்கு சிதறும். காரீயம் 327 டிகிரியில் உருகும். வெறும் காரீயம் ரொம்ப மிருது. கெட்டிப்படுத்த ஆன்டிமனியும், அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்ப வெள்ளீயமும் கலக்க வேண்டும். வெள்ளீயத்துக்காக அவர் பழைய சாமான் விற்பனைகளில் பியூட்டர் குவளை வாங்கி வைத்திருந்தார். அதைக் கரண்டியோடு பானையில் இறக்கினார். குவளை பட்டென்று குழைந்து மறைந்துவிட்டது. எனக்கு எங்கள் அம்மாவின் ஈயச் சொம்பு ஞாபகம் வந்தது. ரசம் வைக்கிற ஈயம் வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். ரசத்தை ஊற்றாமல் அடுப்பில் வைத்துவிட்டு என் அக்கா சொம்பையே காணாமல் அடித்த கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர் இருப்பதால் சொல்கிறேன், ரசச் சொம்பில் இருப்பது காரீயம் இல்லை. காரீயம் விஷம். சொம்பு வாங்கும்போது சுத்த வெள்ளீயமா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கலவைக்கு உலோகம் வந்த வழிதான் எனக்கு எல்லாவற்றையும்விட சுவாரசியம். பத்திரிகை ஆபீஸ்களில் லைனோடைப் இயந்திரம் இருந்ததல்லவா, வரி வரியாக எழுத்து வார்க்குமே, அந்த உலோகம் 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். குண்டு வார்ப்பவர்களுக்கு அமிர்தம். நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் ஈய எழுத்தை நிறுத்தியது. மற்ற பத்திரிகைகளும் கணினிக்கு மாறின. அந்த உலோகம் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு வந்தபோது இவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். பெரியவரிடம் கடைசியாக ஒரு கட்டி மிச்சமிருக்கிறது. அதன் ஓரத்தில் உருகாத சில எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. ஏதோ ஊர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்பாக இருக்கலாம் என்றார். அதை மட்டும் உருக்க அவருக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஆதாரம் டயர் கடை. காரில் வீல் பேலன்சிங் செய்யும்போது ஒட்டுகிற சிறு எடைக்கட்டிகள் அந்நாளில் ஈயம். ஒரு பெட்டி பீருக்கு ஒரு வாளி கொடுப்பார்களாம். கலிபோர்னியா 2010-இலிருந்து ஈய எடையைத் தடை செய்தது. வேறு மாநிலங்களும் சேர்ந்தன. இப்போது வாளியில் பாதி இரும்பும் துத்தநாகமும். துத்தநாகம் ஒரு கட்டி கலந்தாலும் பானை முழுக்கக் கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பிரிக்கிறார். செல்லாத காசு பொறுக்குகிற கேஷியர் மாதிரி.

தடை செய்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதைப் பெரியவரே ஒப்புக்கொள்வார். கலிபோர்னியா காண்டோர் என்று ஒரு பெரிய கழுகு. வேட்டைக்காரர் விட்டுப்போன விலங்குக் குடலைத் தின்னும். அதில் சிதறிக் கிடக்கும் ஈயத் துணுக்கு வயிற்றில் போய் விஷமாகும். 1987-இல் மிஞ்சிய 27 பறவைகளையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்க வேண்டி வந்தது. அந்த மாநிலத்தில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. பறவைக்கு வந்தது இவருக்கும் வந்தது. பல வருடம் வீட்டு நிலவறையில் வார்த்திருக்கிறார். களைப்பு, கை நடுக்கம். வயது என்று நினைத்தார். டாக்டர் இரத்தத்தில் ஈயம் பார்த்துவிட்டுத் திட்டினாராம். அப்புறம்தான் ஷெட்டுக்கு மாறினார். கதவு முழுக்கத் திறந்திருக்கும், மின்விசிறி வெளிப்பக்கம் பார்த்து ஓடும், தனிச் சட்டை. முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் காபி. பேரன் வரும் வாரங்களில் பானையை ஏற்றுவதே இல்லை.

"இவ்வளவு தொந்தரவோடு இதை ஏன் விடக்கூடாது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் அப்பா காலமான பிறகு அந்தத் துப்பாக்கி பதினைந்து வருடம் அலமாரியில் கிடந்ததாம். சட்டைக் குண்டு எதைப் போட்டாலும் இலக்குப் பலகையில் படாமல் போயிற்று. "குழாய் போய்விட்டது, வெட்டிப் போடு" என்றார் கடைக்காரர். 0.314 என்று அளந்து, அதற்கு வார்த்து, முதல் பத்துக் குண்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்த அன்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

துப்பாக்கி அவர்கள் நாட்டில் என்ன பாடு படுத்துகிறது என்பது எனக்கும் தெரியும். நான் இருந்த ஆறு மாதத்தில் பெண்ணின் பள்ளிக்கூடத்துப் பேத்தி, யாராவது சுட வந்தால் எப்படி மேஜைக்கடியில் ஒளிவது என்று செய்து காட்டினாள். அதைப் பெரியவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், பதில் சொல்லவில்லை. அவருடைய இரண்டு துப்பாக்கியும் இரும்புப் பீரோவில் பூட்டித்தான் இருக்கும். நான் பார்த்த அன்று துடைத்து மாட்டியிருந்தார்.

நம் ஊரில் யாருக்கும் ஆசை வர வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். ஏ பிளாக் பையன்கள் யூடியூபில் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் எதையும் உருக்கினால், செயலாளரிடம் முதலில் போய்ச் சொல்பவன் நான்தான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் விடைபெறப் போனேன். இஷாப்பூர் துப்பாக்கியில் சுட்ட காலிக் கூடு ஒன்றைத் துடைத்து, பளபளவென்று என் கையில் வைத்தார். ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு ஆசைதான். ஆனால் பெட்டியில் ஒரு காலித் தோட்டா இருந்து விமான நிலைய எக்ஸ்ரேயில் மாட்டியவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். அறுபத்தாறு வயதில் போலீஸ் ஸ்டேஷனில் ஹவில்தார் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து ஐம்பது குழி உள்ள பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். நாற்பத்தொன்பது நிரம்பி, ஒரு குழி காலியாக இருந்தது. கூட்டை அதில் கவிழ்த்து வைத்து, விரலால் ஒருமுறை வரிசை வரிசையாக எண்ணிவிட்டு மூடினார்.